ரிமோட் காணோம்

எனக்கு மெயில் படித்துக் காட்டுகிறவனுக்குத் தகரவாயன் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆள் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குரல். திரையில் என்ன ஓடுகிறதோ அதை என் காதில் ஓதுவது அவன் வேலை. ஏற்ற இறக்கம் கிடையாது, எங்கே மூச்சு விடுவது என்று தெரியாது, சாவுச் செய்தியையும் தள்ளுபடி விளம்பரத்தையும் ஒரே குரலில் படிப்பான். எனக்குப் பார்வை போனது கல்லூரி முடித்த வருஷம். அன்றிலிருந்து என்னோடு சண்டை போடாமல் காலம் தள்ளுகிறவன் அவன் ஒருவன்தான். நான் அவனை ஓட்டும் வேகத்தில் வேறு யாராவது கேட்டால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கும். எனக்கு அதில் ஒரு எழுத்து தப்பாது.

வேலை, லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில். லிஃப்ட் நடுவில் நின்றால், கதவு மூட மறுத்தால், நாலாவது மாடிப் பட்டனை அழுத்தினால் ஆறாவது மாடியில் கொண்டுபோய் விட்டால், எங்களுக்குப் புகார் மெயில் வரும். அதைப் படித்து, எந்தக் கட்டடம், என்ன பழுது என்று பிரித்து, அந்தப் பக்கத்து மெக்கானிக்குக்கு அனுப்ப வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டே மெயில் போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் எழுத்துப் பிழை பார்க்க மாட்டார்கள், நானும் பார்க்க மாட்டேன்.

இந்த வேலை எனக்கு எதற்கு என்று கேட்டால், ஒரு கதவுக்கு. சலவைக் கடைக்கு மேலே எனக்கு ஒரு வாடகை அறை இருந்தது. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பூட்டு முரண்டு பிடிக்கும். கீழே துணி துவைக்கும் மெஷின்கள் ஓடினால் தரை லேசாக அதிரும், வெந்நீர்க் குழாய் போகும் சுவர் கதகதப்பாக இருக்கும். உள்ளே நான் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். அங்கிருந்து மரக்கடைச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து, மருந்துக்கடை முனையில் திரும்பினால் ஆபீஸ். யார் கையையும் பிடிக்க வேண்டாம், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம்.

அதற்கு முன்னால் அண்ணன் வீட்டில் இருந்தேன். அங்கே குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் குறை. அண்ணி பத்தரை மாற்றுத் தங்கம். நான் சீப்பை ஜன்னல் ஓரம் வைத்தால் அடுத்த நிமிஷம் அதை எடுத்து ஒழுங்காக வைத்திருப்பாள். அந்த ஒழுங்கு எங்கே என்று அவளுக்குத்தான் தெரியும். தலை வாருவதற்குக்கூட “அண்ணி” என்று கூப்பிட வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தால் “எங்க கெளம்பிட்டே பாப்பா?” என்பான் அண்ணன். நாற்பது வயது தாண்டிய பாப்பா. எனக்குக் கொடுத்த பின்பக்க அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே விழுந்து கிடந்தால் எப்படித் திறப்பது என்று அவனே கழற்றிவிட்டான். பாசத்தில்தான் கழற்றினான், அதற்காக அவனோடு சண்டை போடவும் முடியாது. வேலை கிடைத்த மறு மாதமே அறை பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

வேலையும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மெயிலில் கை வைக்கும் வரைக்கும்.

முன்பெல்லாம் மெயில் என்றால் எனக்கு ஒரு வரிசை. மேலே புதுசு, கீழே பழசு. அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் ஒரு மெயில். யார் அனுப்பியது, என்ன தலைப்பு, எப்போது வந்தது. அவ்வளவுதான். ஒரு நாள் தலைமை அலுவலகத்தில் யாருக்கோ ஞானோதயம் வந்தது. இனிமேல் ஒரே தலைப்பில் வரும் மெயில்கள், அவற்றுக்குப் பதில்கள், பதில்களுக்குப் பதில்கள் எல்லாம் ஒரே கொத்தாகக் கட்டப்பட்டு ஒரே வரியாக நிற்குமாம். கண் உள்ளவர்களுக்கு அது வசதியாம். தகரவாயன் அந்த வரியில் வந்து நின்று, “உரையாடல், சுருக்கப்பட்டுள்ளது” என்பான். வலது அம்புக்குறியைத் தட்டினால் “விரிக்கப்பட்டது” என்பான். உள்ளே போனால் ஒருத்தர் எழுதியது, அதற்குக் கீழே அவர் யாருக்குப் பதில் சொன்னாரோ அவர் எழுதியது, அதற்கும் கீழே அதற்கு முந்தினது, நடுநடுவே எல்லாருடைய பெயர், பதவி, போன் நம்பர், காகிதத்தை வீணாக்காதீர்கள் என்ற உபதேசம். “சரி” என்ற ஒரு வார்த்தைப் பதிலைக் கண்டுபிடிப்பதற்குள் காது புளித்துவிடும்.

இது போதாதென்று எங்கள் ஆபீசுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் புது மெயில் எழுத மாட்டார்கள். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அந்த ஆளிடமிருந்து எப்போதோ வந்த பழைய மெயிலைத் தோண்டியெடுத்து, அதற்குப் பதில் போடுகிற மாதிரி புது விஷயத்தை எழுதிவிடுவார்கள். பெயர்களைத் தேடிப் போடும் வேலை மிச்சம் பாருங்கள். தலைப்பை மட்டும் மாற்ற மாட்டார்கள். போன வருஷம் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன மெயிலின் கீழே இந்த வருஷத்து லீவு விண்ணப்பம் இருக்கும். மெக்கானிக் ஒருத்தர் தன் கல்யாணப் பத்திரிகையை “கேபிள் அறுந்துவிட்டது, அவசரம்” என்ற தலைப்பில் அனுப்பினார். அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

வாயால் பேசினால் தீர்ந்துபோகும் என்றால், அதற்கும் வழி இல்லை. மேனேஜருக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும். “வாயால சொன்னதெல்லாம் காத்துல போயிடும், மெயில்ல போடுங்க” என்பார். அதனால் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே ஒருத்தருக்கொருத்தர் மெயில் போட்டுக்கொள்வார்கள். ஹாலில் கீபோர்டு சத்தம் தவிர ஒன்றும் கேட்காது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க எங்களுக்கு ஒருவர் உண்டு. எந்தக் கோளாறைச் சொன்னாலும் ஒரே வைத்தியம் சொல்வார் என்பதால் ரீஸ்டார்ட் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ரிட்டயர் ஆகும் வயது. வேறு இரண்டு கிளைகளையும் அவரே பார்ப்பதால் எப்போதாவதுதான் வருவார். வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

“இந்தக் கொத்து மெயிலை எனக்கு மட்டும் பழையபடி பிரிச்சுக் குடுங்க சார்.”

“அது மேலேர்ந்து பூட்டியிருக்காங்கம்மா, என் கையில இல்ல” என்றார். சூயிங்கம்மை இரண்டு தடவை மென்றார். “வேணும்னா ஒண்ணு பண்ணலாம். வேண்டாத உரையாடல் மேல நின்னுக்கிட்டு இந்த ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்துங்க. மொத்தமும் குப்பைக்குப் போயிடும். இனி அதுல வர்றதும் நேரா குப்பைக்குத்தான். ஒரு சத்தம் கேட்காது.”

என் விரலைப் பிடித்து இரண்டு பட்டன்களையும் காட்டினார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

முதல் பலி அந்த ரிமோட். மூன்றாம் மாடியில் ஏசி ரிமோட்டைக் காணோம் என்று யாரோ ஆபீஸ் முழுவதற்கும் மெயில் போட்டிருந்தார். தலைப்பும் அதுவே: “ரிமோட் காணோம்.” ஆளாளுக்கு அதில் பதில் போட ஆரம்பித்தார்கள். நீ எடுத்தாயா, நான் எடுத்தேனா, வீட்டு டிவிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரே கூத்து. நடுவில் சிரிப்புப் பொம்மைகள் வேறு. நீங்கள் சின்னதாக ஒரு மஞ்சள் மூஞ்சியைப் பார்ப்பீர்கள். தகரவாயன் எனக்கு அதை வார்த்தையாகப் படிப்பான். “கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம்.” அந்தப் பக்கம் ஒரு கட்டடத்தில் ஒரு பெண்மணி லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு எழுதியிருக்கிறாள், இவன் நடுவில் வந்து சிரிக்கும் முகம் என்கிறான். எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது. இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். “உரையாடல் புறக்கணிக்கப்பட்டது” என்றான். ஒரு ஆபீசின் வாயையே இரண்டு விரலால் அடைத்த சந்தோஷத்தை இப்போதும் என்னால் மறைக்க முடியாது. அன்று வீட்டுக்குப் போகும்போது மரக்கடைச் சுவரைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம் மேனேஜர் எல்லாரையும் ஹாலில் நிற்க வைத்தார். அவர் வாயைத் திறந்து பேசுகிறார் என்றாலே விஷயம் பெரியது.

“இந்தக் கட்டடத்தைக் காலி பண்றோம். புது ஆபீஸ் பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நாலு பேருக்கு மட்டும் வீட்லேர்ந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருக்கேன். நான் நாளைக்கு வெளியூர் கெளம்பறேன். அங்கேர்ந்து விவரமா மெயில் போடுவேன். வேணுங்கறவங்க அதுல பதில் போடுங்க. யாரும் நேர்ல வந்து கேட்காதீங்க, போன்லயும் வேண்டாம். அப்புறம் அவருக்குக் குடுத்தீங்க இவருக்குக் குடுத்தீங்கன்னு பேச்சு வரும்.”

கூட்டம் கலைந்த பிறகு என் மேஜை பக்கம் வந்தார்.

“உங்க ஞாபகம்தான் மேடம் முதல்ல வந்துச்சு. மெயில் வரட்டும், ஒரு வரி போட்டு விட்டுடுங்க.”

“கண்டிப்பா சார்.”

பைபாஸ் ரோடு எனக்குத் தெரியும். நடைபாதை கிடையாது, சிக்னல் கிடையாது, லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும் இடம். அங்கே போக வேண்டுமென்றால் தினமும் என்னைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். என்னிடம் இருக்கும் ஆள் அண்ணன் ஒருவன். அண்ணனுக்கு நான் வேலைக்குப் போவதே பிடிக்காது. ஆக, அந்த நாலு இடத்தில் ஒன்று கிடைத்தால் அறை உண்டு, கிடைக்காவிட்டால் பின்பக்க அறைதான். நடுவில் வேறு வழி இல்லை. இதை நான் ஒரு தடவை நினைத்ததோடு சரி. கிடைக்காமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டாரே.

பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டேன். “எனக்கு ஓர் இடம் வேண்டும் சார். நன்றி.” வரைவுகளில் சேமித்தாயிற்று. மெயில் வர வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரம் நான் மெயிலைக் கேட்டது மாதிரி யாரும் பாட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். காலையில் போனதும் ஒவ்வொரு கொத்தாக விரிப்பேன். கேபிள் புகாருக்குள் இருக்கிறதா, லீவு விண்ணப்பத்துக்குள் இருக்கிறதா, எங்கள் ஆட்களின் வியாதிதான் தெரியுமே. கடைசிப் பதில் வரைக்கும் போய், சுருக்கிவிட்டு, அடுத்ததை விரிப்பேன். மேனேஜர் பெயர் காதில் விழுந்தால் போதும், முதுகு நிமிரும். அது பழைய பில் விஷயமாக இருக்கும். அவர் போன இடத்தில் வேலை இழுத்துக்கொண்டிருக்கும், வந்துதான் எழுதுவார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரி இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அவள் பையனுக்கு மறுபடி மூச்சிரைப்பு, வாரம் முழுக்க லீவு. மற்றவர்களைக் கேட்டிருக்கலாம்தான். நேரில் கேட்காதே என்று அவர் சொன்னதை நான் கொஞ்சம் அதிகமாகவே மதித்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறவள் என்ற பெயர் வேறு எனக்கு அங்கே உண்டு. அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

திங்கட்கிழமை பக்கத்து சீட்டுக்காரி வந்தாள். பையை வைத்ததும் என் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?”

“என்ன பண்ணேன்?”

“ஒரு வரி போட்டிருக்கலாம்லக்கா. மேனேஜர் அத்தனை தடவை கேட்டாரு. நானும் ஆஸ்பத்திரியிலேர்ந்தே எழுதினேன். நீங்க வாயே திறக்கல. வெள்ளிக்கிழமை லிஸ்ட் மேல போயிடுச்சு.”

“எந்த மெயில்ல கேட்டாரு?”

“அதான், அந்த ரிமோட் மெயில்ல.”

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, எனக்குக் காது ஓடவில்லை. அவள் மேலும் ஏதோ பேசினாள், ஒன்றும் உள்ளே போகவில்லை. விரல்கள் மட்டும் தானாகக் குப்பைத்தொட்டியைத் திறந்தன. அங்கே அது இருந்தது. “ரிமோட் காணோம். உரையாடல், சுருக்கப்பட்டுள்ளது, படிக்காதவை முப்பத்தேழு.” வலது அம்புக்குறியைத் தட்டினேன். பிறகு தகரவாயனின் வேகத்தைக் குறைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் அவனை மெதுவாகப் படிக்கச் சொன்னது அன்றுதான்.

அடியிலிருந்த பழசில் தொடங்கி மேலே வந்தேன், முதலில் கொஞ்ச தூரம் சிரிக்கும் முகங்கள். அப்புறம் மேனேஜர். “எல்லாரும் இந்த மெயிலில் இருப்பதால் இதிலேயே எழுதுகிறேன். போனிலிருந்து அனுப்புகிறேன், தவறு இருந்தால் மன்னிக்கவும். வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பவும்.” அடுத்து ஒருத்தர், எனக்கு. இன்னொருத்தர், எனக்கும். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது.

பிறகு பக்கத்து சீட்டுக்காரி. “எனக்கு ஒண்ணு வேணும் சார், பையன் உடம்புக்காக. அக்காவுக்கும் கண்டிப்பா ஒண்ணு வைங்க. அவங்களால அங்க வர முடியாது.”

மேனேஜர்: “தெரியும். அவங்களே சொல்லட்டும். மேடம், உங்க விருப்பம் என்ன?”

ரீஸ்டார்ட், ஏதோ ஒரு கிளையிலிருந்து: “அவங்களுக்கு ஒண்ணு ஒதுக்கி வெச்சுட்டு மிச்சத்தைப் பிரிங்க சார்.”

மேனேஜர்: “மேடம்?”

அந்த ஒற்றை வார்த்தையைத் தகரவாயன் கேள்வியாகப் படிக்கவில்லை. அவனுக்குக் கேட்கத் தெரியாது. ஒரு பெயர்ப்பலகையை வாசிக்கிற மாதிரி “மேடம்” என்றான். நான் தலையாட்டினேன். பைத்தியம் மாதிரி, ஒரு குப்பைத்தொட்டியின் முன்னால் உட்கார்ந்து தலையாட்டினேன்.

யாரோ ஒருத்தர்: “அவங்களுக்கு ஒரு இடம் விட்டுக்கொடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை.” இன்னொருத்தர்: “எனக்கும் இல்லை.” இந்த ஆபீசில் இத்தனை பேருக்கு என் மேல் அக்கறை என்று எனக்குத் தெரியாது. நேரில் இவர்கள் “குட்மார்னிங்” தவிர ஒன்றும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் மறுபடியும்: “மேடம், கடைசியாகக் கேட்கிறேன். சாயங்காலம் பட்டியல் அனுப்ப வேண்டும்.” அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் என் மேஜையில் உட்கார்ந்து, அவருடைய மெயில் வந்துவிட்டதா என்று கேபிள் புகாரை விரித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் யாரோ எழுதியிருந்தார்: “அவங்க அண்ணன் வீட்டுக்கே திரும்பப் போறாங்கன்னு நெனைக்கறேன். அதான் பதில் போடல போல.”

மேனேஜர்: “அப்படியானால் சரி. அவர்களுடைய முடிவை மதிப்போம்.” அதன் கீழே தகரவாயன், “கூப்பிய கைகள்” என்றான்.

அதற்குப் பிறகு நாலு பெயர்கள், பக்கத்து சீட்டுக்காரியும் அதில் ஒருத்தி. கடைசி மெயில், அன்று சாயங்காலம் வந்தது. “ரிமோட் கெடச்சிடுச்சு! சோபா அடியில இருந்துச்சு.” கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். ஹாலில் எப்போதும் போல கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன். ஊரிலிருந்து வந்துவிட்டிருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். புறக்கணி என்று ஒரு பட்டன் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார், சக்கரம் கிறீச்சிட்டது.

“பேர் மேல போயிடுச்சே மேடம். நாலுன்னா நாலுதான். அஞ்சாவது கேட்டு வாங்க என்னால முடியாது.”

“கேட்டுப் பார்க்கலாமே சார்.”

“காலையிலதான் ஒப்புதல் வந்துச்சு. இப்ப மாத்துங்கன்னா, நாலையும் பிடுங்கிடுவாங்க. உண்மையாத்தான் சொல்றேன்.”

“அது ரிமோட் மெயில் சார். ரிமோட்டைத் தேடற மெயில்ல போய் என் பொழப்பைக் கேட்டா நான் எப்படி சார் பார்ப்பேன்?”

“எல்லாரும் பார்த்தாங்களே மேடம்.” சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமினார். “நான் அந்த அர்த்தத்துல சொல்லல.”

“ஹால்ல இத்தனை பேர் இருந்தாங்க. எனக்காக மெயில்ல பேசினவங்க எல்லாம் என்னைச் சுத்தித்தான் உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தராவது எழுந்து வந்து தோள்ல ஒரு தட்டு தட்டியிருக்கலாமே சார்?”

“நீங்க எப்பவும் காதுல மாட்டியிருப்பீங்க மேடம். தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு உங்க மேல எல்லாருக்கும் ஒரு மரியாதை.”

அந்த மரியாதையைத் தூக்கி அவர் தலையில் போட வேண்டும் போல இருந்தது. நல்ல மனுஷர். அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அண்ணன் வீட்டிலும் இதே தொல்லைதான், யாருமே கெட்டவர்கள் இல்லை.

இடத்துக்கு வந்ததும் பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்டே விட்டேன். கேட்கக் கூடாது என்று தெரிந்துதான் கேட்டேன்.

“உன் இடத்தை எனக்குக் குடுப்பியா?”

  “பையனுக்கு மூச்சிரைச்சா குழாய் மாட்டி விட ஆள் இல்லக்கா” என்றாள்.

“தெரியும். சும்மா கேட்டேன். விடு.”

சும்மா கேட்கவில்லை. கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன். அந்தப் பையன் இருமினாலும் வாங்கியிருப்பேன் என்று அப்போது தோன்றியது, என்னை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள். நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ரீஸ்டார்ட் போன் செய்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. “நான் அப்பவே சொன்னேன்லம்மா, இனி வர்றதும் குப்பைக்குத்தான் போகும்னு” என்றார், குரல் இறங்கி.

“சொன்னீங்க சார்.”

“ஒருவேளை அதைத் திரும்ப எடுத்து...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். முதல் தடவையாக அவரிடம் வைத்தியம் இல்லை.

அப்படியே விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு லீவு நாளில் கைத்தடியை எடுத்துக்கொண்டு பைபாஸ் பக்கம் போய்ப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே ரோடு ஆரம்பித்துவிடுகிறது, நிற்பதற்கு ஓரம் இல்லை. இரைச்சல் ஒரு பக்கத்திலிருந்து வந்தால் காதை வைத்துக் கணக்குப் போடலாம். அங்கே எல்லாப் பக்கமும் இரைச்சல். லாரிகளின் காற்று புடவையை இழுத்தது. அந்தப் பக்கம் ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது, அதில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, நடுவில் இது இருக்கிறது. ரொம்ப நேரம் நின்றேன். யாரோ ஒருத்தர் வந்து, “தாண்டணுமாம்மா?” என்று கையைப் பிடித்தார். இன்றைக்கு இவர் இருக்கிறார், நாளைக்கு? “இல்ல, திரும்பிப் போகணும்” என்றேன். திருப்பி பஸ் ஏற்றிவிட்டார். நன்றி சொன்னேன்.

வேலையில் என் கடைசி நாளன்று குப்பைத்தொட்டியைத் திறந்து, அந்த உரையாடல் மேல் நின்று, அதே இரண்டு பட்டன்களை மறுபடி அழுத்தினேன். “புறக்கணிப்பு நீக்கப்பட்டது” என்றான். முப்பத்தேழும் வரிசையாக உள்பெட்டிக்குத் திரும்பின. என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அதிலேயே இன்னொன்று வந்தது. மேனேஜர்தான். “இடமாற்றத்துக்கு ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. நம்முடைய மேடம் சொந்தக் காரணங்களால் விடைபெறுகிறார். அவருக்கு நம் வாழ்த்துகள்.” என் வழியனுப்பு விழாவும் ரிமோட்டைத் தேடும் மெயிலில்தான் நடந்தது. தொடர்ந்து வரிசையாக வாழ்த்துகள், கூப்பிய கைகள். இந்தத் தடவை ஒன்று விடாமல் கேட்டேன். வரைவுகளில் அந்தப் பழைய வரி இன்னும் இருந்தது. “எனக்கு ஓர் இடம் வேண்டும் சார். நன்றி.” அதை அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

அண்ணன் வண்டி எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு என்ன சந்தோஷம்! மறைக்கப் பார்த்தான், முடியவில்லை, மாடிப்படியில் விசில் அடித்துக்கொண்டே மூட்டைகளை இறக்கினான். நான் கதவைத் தூக்கிப் பிடித்துக் கடைசியாகப் பூட்டினேன். கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“சாவியை ஏன் பிடிச்சுக்கிட்டே நிக்கறே பாப்பா? குடு, வீட்டுக்காரர்கிட்டக் குடுத்துட்டு வரேன்.”

கொடுத்தேன்.

பின்பக்க அறையில் புதுப் பெயிண்ட் வாசனை. “உனக்காகத்தான், நானே அடிச்சேன்” என்றான். மெத்தை புதுசு, ஜன்னலுக்குத் திரை புதுசு. எனக்கு எதற்குத் திரை என்று வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. அவன் வெளியே போனதும் கதவைச் சாத்தினேன். பழக்க தோஷம், கை தானாகத் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. முன்பு அந்த இடத்தில் அவன் கழற்றிய ஆணிகளின் ஓட்டைகளாவது இருந்தன. தடவத் தடவ விரலில் தட்டுப்படும். இப்போது அவற்றையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறான். கதவு வழுவழுவென்று இருந்தது.

“பாப்பா” என்று அடுப்படியிலிருந்து அண்ணி கூப்பிட்டாள். “உன் சீப்பு, துணி எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து வெச்சிருக்கேன். எது வேணும்னாலும் என்னைக் கூப்பிடு, என்ன?”

“சரி அண்ணி” என்றேன்.